தாய் மறைந்தாள்... சேய் வாழுமா?

பிறப்பும் இறப்பும் ஒரு வீட்டின் முன்வாசலும் பின்வாசலும் போன்றவை என்று நாம் நினைத்திருக்கிறோம். ஒன்றில் வருவார்கள், மற்றொன்றில் போவார்கள். ஆனால் ஒரே கட்டிலில், ஒரே உடலில், இரண்டும் ஒன்றாக வந்து நின்றால் என்ன செய்வது? தாய் இறந்துவிட்டாள், ஆனால் அவள் வயிற்றில் குழந்தை உயிரோடு இருக்கிறது என்று டாக்டர் வந்து சொன்னால், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கணவன் என்ன பதில் சொல்வான்? அவளைப் பெற்றவள் என்ன சொல்வாள்?

இது கதையல்ல. உலகில் பல குடும்பங்களுக்கு நேர்ந்த உண்மை. அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேசப் போகிறோம். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் இதைப் படிக்கலாமா என்று தயங்க வேண்டாம். இப்படி நேர்வது மிக மிக அரிது. ஆனால் இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் எல்லா வீட்டுக்கும் பொதுவானது.

ஒரு நள்ளிரவில்...

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம். அங்கே போர்ட் வொர்த் நகர வட்டாரம். 2013-ம் ஆண்டு நவம்பர் 26-ம் தேதி, விடிய இன்னும் நெடுநேரம் இருக்கையில், ஒரு வீட்டின் சமையலறைத் தரையில் 33 வயதுப் பெண் ஒருத்தி மூச்சுப் பேச்சின்றிக் கிடந்தாள். கணவர் ஓடிவந்து தூக்கினார். கணவன் மனைவி இருவருமே அவசர மருத்துவ உதவித் தொழிலில் இருந்தவர்கள். சாகக் கிடப்பவர்களை எத்தனையோ முறை கண்டவர்கள். நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்திருக்கலாம் என்று டாக்டர்கள் கருதினர். அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு பச்சிளம் மகன். இப்போது அவள் 14 வாரக் கர்ப்பிணி.

இரண்டு நாள் கழித்து, நவம்பர் 28-ம் தேதி, மூளை அடியோடு செத்துவிட்டதைச் சோதனைகள் காட்டின. கணவர் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, "கருவியை எடுத்துவிடுங்கள். இப்படிக் கிடக்க அவள் விரும்பமாட்டாள். எங்கள் இருவருக்கும் இதில் பேச்சே உண்டு" என்ற பொருளில் கேட்டுக்கொண்டார். அவளைப் பெற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

மருத்துவமனை மறுத்துவிட்டது! கர்ப்பிணியான நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தக்கூடாது என்று டெக்சாஸ் மாநிலச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அதைக் காட்டினார்கள்.

மூளைச் சாவு என்றால் என்ன?

கதையைத் தொடருமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மூளைச் சாவும் மயக்க நிலையும் ஒன்றல்ல. 'கோமா' என்கிற ஆழ்ந்த மயக்கத்தில் கிடப்பவர் உயிரோடு இருக்கிறார். சிலர் பல மாதம் கழித்து விழித்ததும் உண்டு. மூளைச் சாவில் அந்த நம்பிக்கைக்கு இடமே இல்லை.

அந்தக் காலத்தில் இந்தக் குழப்பம் எழவில்லை. மூச்சு நின்றால் சில நிமிடங்களில் இதயமும் நிற்கும், மூளையும் மடியும். மூன்றும் ஒன்றாகவே போகும். 1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. மூச்சுவிட முடியாதவர்களின் தொண்டையில் குழாய் பொருத்தி, மருத்துவ மாணவர்கள் இரவு பகலாக மாறி மாறிக் கையாலேயே பையை அழுத்திக் காற்றைச் செலுத்தினார்கள். பின்னர் அந்த வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்தது. எண்ணற்றவர்கள் பிழைத்தார்கள். கூடவே ஒரு புதிய நிலையும் பிறந்தது: மூளை மடிந்த பிறகும், இயந்திரம் ஊதும் காற்றால் இதயம் துடித்துக்கொண்டிருக்கும் நிலை.

1968-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று இந்த நிலையை ஆராய்ந்து, மூளை முற்றிலும் செயலிழந்து மீள வழியில்லாமல் போனால் அதுவே மரணம் என்று கருத வேண்டுமென்றது. இன்று பெரும்பாலான நாடுகள் அதை ஏற்றுக்கொண்டுள்ளன. சிங்கப்பூரில் சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. மலேசியாவிலும் மருத்துவத் துறையினர் இதற்கென விதிமுறைகள் வகுத்திருக்கிறார்கள்.

டாக்டர்கள் இதை அவசரப்பட்டுச் சொல்வதில்லை. கண்ணில் விளக்கடித்தால் பாப்பா சுருங்குகிறதா? விழியைத் தொட்டால் இமை மூடுகிறதா? தொண்டையில் குழாய் பட்டால் இருமல் வருகிறதா? காதில் குளிர்ந்த நீர் விட்டால் விழி அசைகிறதா? கடைசியாக, இயந்திரத்தைச் சற்று நேரம் விலக்கினால் தானாக ஒரு மூச்சாவது வருகிறதா? இவற்றில் ஒன்றுக்கும் அசைவில்லை என்றால்தான், தகுதிபெற்ற நிபுணர்கள் மூளைச் சாவு என்று முடிவு செய்கிறார்கள்.

நம் ஆட்களுக்கு இதை நம்புவது கடினம். "உடம்பு சூடாக இருக்கிறதே! நெஞ்சு ஏறி இறங்குகிறதே! கை அசைந்ததை நான் பார்த்தேனே!" என்று கதறுவார்கள். முதுகுத் தண்டிலிருந்து வரும் அசைவு மூளை செத்த பிறகும் சில வேளைகளில் தோன்றும். மறுநடவுக்காக வெட்டிச் சாய்த்த ரப்பர் மரத்தை நாம் பார்த்ததில்லையா? சாய்ந்த பிறகும் பால் கசியும்; இலை சில நாள் பச்சையாகவே இருக்கும். அதைக் கண்டு மரம் பிழைத்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

இறந்த உடலில் சேய் வளருமா?

வளரும், ஆனால் அது லேசான காரியமல்ல. கருப்பை தன் வேலையைச் செய்ய மூளையின் கட்டளை தேவையில்லை. நச்சுக்கொடி வழியே நல்ல இரத்தம் போய்க்கொண்டிருந்தால் குழந்தை வளரும். அந்த இரத்தத்தை நல்ல இரத்தமாக வைத்திருப்பதுதான் பெரும் போராட்டம்.

மூளை செத்தால் இரத்த அழுத்தம் சரியும். உடல் சூடு நிலைகொள்ளாது. சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போய் உடல் வற்றும். சுரப்பிகள் நின்றுவிடும். ஆகவே மூச்சுக்கு இயந்திரம், அழுத்தத்துக்கு மருந்து, சுரப்பு நீர்களுக்குப் பதில் மருந்து, குழாய் வழியே உணவு, காய்ச்சலும் சளியும் பிடிக்காமலிருக்க இடைவிடாத காவல். மூளை தானாகச் செய்துகொண்டிருந்த வேலையை டாக்டர்களும் தாதியரும் நாள் முழுவதும் முறைபோட்டுச் செய்ய வேண்டும். அதுவும் ஒரு நாள் இரண்டு நாளல்ல, வாரக்கணக்கில்!

எத்தனை வாரம் என்பதே முதல் கேள்வி. 24 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தை பிழைப்பது மிகக் கடினம். 28, 32 என்று வாரம் ஏற ஏற நம்பிக்கையும் ஏறும். 26 வாரத்தில் தாய்க்கு இது நேர்ந்தால் இன்னும் சில வாரம் தாங்கினால் போதும். 9 வாரத்தில் நேர்ந்தாலோ நான்கைந்து மாதம் தாங்க வேண்டும்.

1982 முதல் 2010 வரை மருத்துவ ஏடுகளில் வெளிவந்த இத்தகைய 30 நிகழ்ச்சிகளை ஜெர்மனி டாக்டர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 12 குழந்தைகள் பிறந்து பிழைத்தன. பாதிக்கும் குறைவுதான். வெற்றியைத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

மகிழ்ச்சியில் முடிந்தவை

போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகரில் 2016 பிப்ரவரியில் 37 வயதுப் பெண் ஒருத்திக்கு மூளையில் இரத்தம் கசிந்தது. மூளைச் சாவு உறுதியானபோது அவள் 17 வாரக் கர்ப்பிணி. குடும்பத்தாரும் குழந்தையின் தந்தையும், குழந்தை வேண்டும் என்றார்கள். மருத்துவமனையின் அறநெறிக் குழுவும் கலந்து பேசி இசைந்தது. ஏறக்குறைய 15 வாரம் காத்தார்கள். ஜூன் 7-ம் தேதி அறுவை செய்து ஆண் குழந்தையை எடுத்தார்கள். எடை 2.35 கிலோ!

செக் நாட்டின் பெர்னோ நகரில் நடந்தது இதைவிட நெஞ்சை உருக்குவது. 2019 ஏப்ரலில் 27 வயது இளம்பெண்ணுக்கு மூளை இரத்தக்கசிவால் சாவு நேர்ந்தது. அவள் வயிற்றில் சுமார் 16 வாரக் குழந்தை. 117 நாள் அந்த உடலைக் காத்தார்கள். தாய் நடக்கும்போது வயிற்றுப் பிள்ளைக்குக் கிடைக்கும் அசைவு கிடைக்கட்டுமென்று, அவள் கால்களை நடப்பதுபோல அசைத்தார்கள். உறவினர் வந்து அந்த வயிற்றோடு பேசினார்கள். ஆகஸ்டு 15-ம் தேதி 2.13 கிலோ எடையில் பெண் குழந்தை பிறந்தது. அதன் பிறகே, குடும்பத்தார் சூழ நிற்க, கருவிகள் நிறுத்தப்பட்டன.

இதைப் படிக்கும்போது யாருக்குத்தான் கண் கலங்காது? ஆனால் எல்லாம் இப்படியே முடியும் என்று எண்ணிவிடக் கூடாது.

கண்ணீரில் முடிந்தவை

1992 அக்டோபரில் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், கார் விபத்தில் சிக்கிய 18 வயதுப் பெண்ணுக்கு மூளைச் சாவு உறுதியானது. கர்ப்பம் நாலாம் மாதம். பெற்றோர் முதலில் தயங்கினார்கள். ஆயினும் உடல் கருவியில் வைக்கப்பட்டது. நாடே இரண்டுபட்டது. "குழந்தைக்கு வாழ ஒரு வாய்ப்புக் கொடுக்கக்கூடாதா?" என்றார்கள் ஒரு சாரார். "இறந்த பெண்ணை அடைகாக்கும் பெட்டியாக்குவதா?" என்று கொதித்தார்கள் மறு சாரார். நவம்பர் 16-ம் தேதி கரு கலைந்துவிட்டது. ஐந்து வாரத்துக்கு மேல் காத்திருந்தும் பலனில்லை.

அயர்லாந்தில் 2014 டிசம்பரில் இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருத்திக்கு 15 வாரக் கர்ப்பத்தில் மூளைச் சாவு நேர்ந்தது. தாயின் உயிருக்கும் வயிற்றுச் சிசுவின் உயிருக்கும் சம உரிமை என்று அந்நாட்டு அரசியல் சட்டம் அப்போது சொல்லியது. சட்டம் பாய்ந்துவிடுமோ என்று அஞ்சி டாக்டர்கள் கருவியை எடுக்கத் துணியவில்லை. உடலோ நாளுக்கு நாள் சீர்கெட்டுக்கொண்டு வந்தது. அவளைப் பெற்ற தந்தையே நீதிமன்றப் படியேறினார். டிசம்பர் 26-ம் தேதி, மூன்று நீதிபதிகள் கருவியை நிறுத்த அனுமதித்தார்கள். குழந்தை பிழைக்க உண்மையான வாய்ப்பு இல்லாதபோது இதைத் தொடர்வது குழந்தைக்கும் நன்மையல்ல என்பதே அவர்கள் முடிவு. மகளைப் புதைக்க ஒரு தகப்பன் வழக்குப் போட வேண்டியிருந்தது. அந்தச் சட்டப் பிரிவு 2018-ல் மக்கள் வாக்கெடுப்பால் நீக்கப்பட்டது.

டெக்சாஸ் கணவரின் கதைக்கு வருவோம். அவரும் நீதிமன்றம் போனார். மனைவியின் கையைப் பிடித்தால் விறைத்திருக்கிறது, அவள் மேனியின் பழைய வாசம் போய்ச் சாவின் வாடை வீசுகிறது என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தார். 2014 ஜனவரி 24-ம் தேதி தீர்ப்பு வந்தது. அவள் இறந்துவிட்டாள், சட்டமோ 'நோயாளி'யைப் பற்றிப் பேசுகிறது, இறந்தவர் நோயாளி அல்லவே என்றார் நீதிபதி. குழந்தை பிழைக்கும் நிலையில் இல்லை என்று மருத்துவமனையும் ஒப்புக்கொண்டிருந்தது. ஜனவரி 26-ம் தேதி கருவி நிறுத்தப்பட்டது. இரண்டு மாதத்துக்குப் பின்தான் அந்த மனிதரால் மனைவியை அடக்கம் செய்ய முடிந்தது.

அண்மையில் நடந்தது

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2025 பிப்ரவரியில் 30 வயதுத் தாதி ஒருத்திக்குக் கடும் தலைவலி வந்தது. மூளையில் இரத்தக் கட்டிகள். பிப்ரவரி 19-ம் தேதி மூளைச் சாவு என்று அறிவித்தார்கள். கர்ப்பம் சுமார் 9 வாரமே! மாநிலத்தின் கருக்கலைப்புத் தடைச் சட்டத்தால் கருவியை எடுக்க முடியாது என்று மருத்துவமனையில் தங்களிடம் கூறியதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். அந்தச் சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை என்று மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரியின் அலுவலகம் பிறகு கூறியது. ஆனால் காலம் ஓடிவிட்டது.

ஜூன் 13-ம் தேதி அவசர அறுவையில் ஆண் குழந்தை பிறந்தது. எடை ஒரு கிலோகூட இல்லை; சுமார் 820 கிராம். நாலு நாள் கழித்துத் தாயின் கருவி நிறுத்தப்பட்டது. மூத்த மகனுக்கு வயது ஏழு.

அந்தப் பெண்ணின் தாயார் சொன்னதை நாம் கவனிக்க வேண்டும். கருவியை உடனே எடுத்திருப்போம் என்று அவர் சொல்லவில்லை. குழந்தை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முடிவு எங்களுடையதாக இருந்திருக்க வேண்டும், எங்களைக் கேட்டிருக்க வேண்டும் என்பதே அவர் மனக்குறை.

நியாயம் எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. "தாய்க்கு இனி வலியில்லை, நோவில்லை. அவள் உயிரோடிருந்தால் தன் பிள்ளைக்காக எதையும் தாங்கியிருப்பாளே! பிழைக்கக்கூடிய ஓர் உயிரை ஏன் விட வேண்டும்?" என்பது ஒரு பக்கம். இதைத் தள்ளிவிட முடியாது.

"இறந்தவளுக்கும் மரியாதை உண்டு. அவள் ஒரு மனுஷி, பாத்திரமல்ல. பிழைக்குமா என்றே தெரியாத கருவுக்காக, அவள் விருப்பத்துக்கு மாறாக, மாதக்கணக்கில் உடலைக் கிடத்தி வைப்பது தகுமா? காரியம் முடிக்காமல், அழுது தீர்க்கவும் முடியாமல், குடும்பம் நாள்தோறும் சாவு வீடாக இருப்பதா?" என்பது மறுபக்கம். இதையும் தள்ளிவிட முடியாது.

சமயங்களும் இதில் கண்மூடித்தனமாக இல்லை. 1957-லேயே போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், மயக்க மருந்து நிபுணர்களிடையே பேசியபோது, மரணம் எப்போது நேர்ந்தது என்று சொல்வது மருத்துவரின் பொறுப்பு என்றும், வழக்கத்துக்கு மீறிய முறைகளைக் கொண்டு உயிரை இழுத்து நிறுத்தும் கடமை இல்லை என்றும் கூறியிருக்கிறார்.

எங்கள் கருத்து இது. லிஸ்பனிலும் பெர்னோவிலும் நடந்தது நன்றாகவே நடந்தது. டெக்சாஸ் கணவர் கேட்டதும் நியாயமே. ஒன்றில் கருவியை வைத்திருந்தார்கள். மற்றொன்றில் எடுக்கச் சொன்னார்கள். இரண்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்பீர்கள். லிஸ்பனிலும் பெர்னோவிலும் கர்ப்பத்தின் வாரத்தையும் உடலின் நிலையையும் பார்த்தார்கள். குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசினார்கள். குடும்பம் மனமொப்பி நின்றது. டெக்சாசில் ஒரு சட்டவரி முதலில் வந்து நின்றது. மனிதர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அவள் என்ன விரும்பினாள் என்று கேட்காமல் எடுக்கும் முடிவு, வைத்திருந்தாலும் தவறு, எடுத்தாலும் தவறு.

நம் வீட்டில் என்றால்...

இங்கேதான் ஒரு சங்கடம். அவள் என்ன விரும்பினாள் என்று நமக்குத் தெரியுமா? நம் வீடுகளில் சாவைப் பற்றிப் பேசினாலே, "வாயைக் கழுவு!" என்பார்கள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம். பிறகு ஒருநாள் மருத்துவமனை வராந்தாவில் கணவன் ஒன்று சொல்வான். மாமியார் ஒன்று சொல்வார். பெண்ணைப் பெற்றவள் தலையிலடித்துக்கொண்டு வேறொன்று சொல்வாள். போனவள் மனம் யாருக்கும் தெரியாது. அந்தச் சண்டை இரண்டு சம்பந்திகளையும் ஆயுள் முழுதும் பிரித்துவிடும்.

ஆகவே, விபத்தோ நோயோ, வீட்டில் யாருக்கு மூளைச் சாவு என்று சொன்னாலும், பதறாமல் சில கேள்விகளை டாக்டரிடம் கேளுங்கள். பேச்சு புரியாவிட்டால், தமிழில் விளக்கக்கூடிய ஒரு தாதியை அழைக்கச் சொல்லுங்கள்.

இது மூளைச் சாவா, மயக்க நிலையா? யார் சோதித்தார்கள்? எத்தனை பேர்?

கர்ப்பிணியானால், எத்தனை வாரம்? குழந்தைக்கு மூச்சுக்காற்றுக் குறைவால் சேதம் ஏற்பட்டிருக்கிறதா? ஸ்கேன் என்ன காட்டுகிறது?

இன்னும் எத்தனை வாரம் உடலைக் காக்க வேண்டும்? உடல் தாங்குமா? நடுவில் நிலைமை கெட்டால் நிறுத்தலாமா?

பிறகு குடும்பத்துக்குள் கேட்க வேண்டிய இரண்டு: அவள் இதைப் பற்றி எப்போதாவது ஏதாவது சொல்லியிருக்கிறாளா? பிறக்கும் பிள்ளையை யார் மடியில் ஏந்தப் போகிறோம்?

சிங்கப்பூரில் 1996-ல் ஒரு சட்டம் வந்தது. 21 வயது நிரம்பியவர், பிழைக்க வழியில்லாத நிலையில் கருவிகளால் தன் உயிரை நீட்டிக்க வேண்டாமென்று, ஒரு டாக்டர் உட்பட இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதிவைக்கலாம். எழுத்தில் வைக்காவிட்டாலும், கணவன் மனைவிக்குள் ஒருமுறை பேசிவைப்பதற்குச் சட்டம் எதுவும் வேண்டாம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் போதும்.

நம் பாட்டன் பாட்டிமார் விட்டுவந்த தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நிற்கும். நின்ற இரண்டு கல்லின் மேல் படுக்கைக் கல் ஒன்று. தலைச்சுமையோடு வருகிறவர்கள் இறக்கி வைத்து இளைப்பாற. பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளைச் சேர்ந்தவர்கள் நட்டுவைப்பது அது. போனவள் இறக்கிவைக்காமல் போன சுமையை நினைத்தார்கள், அந்தப் படிக்காத மக்கள்!

அவளும் ஓர் ஆள், அவள் சுமைக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இயந்திரங்கள் பெருகிவிட்ட நம் காலத்தில் அந்தப் பதிலை அவளிடமே, அவள் உயிரோடும் நலத்தோடும் இருக்கும்போதே, கேட்டுவைப்போம். இன்றிரவே கேளுங்கள்.